ரெண்டாவது கோட்டு

தடாலென்று ஒரு சத்தம். நூலகத்தில் கேட்கவே கூடாத சத்தம். தூசி அடங்குவதற்குள், பாதாளத்திலிருந்து வருவதுபோல் ஒரு குரல் கேட்டது.

"தம்பி, என்னைக் கொஞ்சம் வெளியில எடுக்கிறீங்களா?"

குரல் வந்தது வரலாற்று அலமாரிக்கும் சட்ட அலமாரிக்கும் நடுவிலிருந்து. குரலுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். கதவு திறக்கும்போது உள்ளே வந்து, பூட்டும்போது வெளியே போகிறவர். நேற்றுவரை சுவரோரம் நின்ற அலமாரிகள் எல்லாம் இன்று ஹாலின் நடுவே, சந்தைக்கு வந்த மாடுகள்போல ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அதைக் கவனிக்காமல், இடுக்கில் தெரிந்த ஒரு புத்தகத்துக்குக் கையை நீட்டியவர், கையின் பின்னாலேயே உடம்பையும் அனுப்பிவிட்டார். மேல்தட்டுப் புத்தகங்கள் மொத்தமாகக் கீழே இறங்கிய சத்தம்தான் அந்தத் தடால்.

"பதறாதீங்க ஐயா," என்றார் நூலகர், கொஞ்சமும் பதறாமல். "அங்கெல்லாம் இப்படித்தான் வெச்சிருக்காங்க."

"அங்கெல்லாம் ஆள் மாட்டிக்கிட்டா எப்படி எடுக்கிறாங்கன்னும் பார்த்துட்டு வந்தீங்களா சார்?" என்று கேட்டார் உதவியாளர் அம்மா. அந்த நூலகத்தில் எத்தனையோ நூலகர்கள் வந்து போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் போகவில்லை. ஆகவே அவருக்கு யாரிடமும் பயமில்லை.

தபால்காரரின் கையை நூலகரும், இடுப்பை உதவியாளர் அம்மா அழைத்து வந்த டீக்கடைக்காரரும் பிடித்து இழுத்தார்கள். ஆள் வந்துவிட்டார். ஒரு செருப்பு வரவில்லை.

"போகட்டும் ஐயா, பத்திரமாத்தான் இருக்கும்," என்றார் நூலகர்.

"எனக்குத் தேவை அது பத்திரமா இருக்கிறது இல்ல தம்பி, காலுல இருக்கிறது," என்று முனகிவிட்டு, ஒற்றைச் செருப்போடு தபால்காரர் வாசல் படியில் போய் உட்கார்ந்தார்.

நூலகருக்கு 'அங்கெல்லாம்' என்று பெயர் வந்தது அண்மையில்தான். தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி அம்மா தொலைபேசியில் பேசியதில் தொடங்கியது அது.

"உங்க நூலகத்துக்கு ஆளே வர்றதில்லைன்னு சொல்றாங்க. பக்கத்து ஊர்ல நம்ம துறையோட மாதிரி நூலகம் இருக்கில்ல, அங்க போய்ப் பாருங்க. நல்ல யோசனை எது இருந்தாலும் எடுத்துக்குங்க. வெள்ளிக்கிழமை நான் வர்றேன். மாற்றம் தெரியலைன்னா கட்டடத்தைப் பூட்டிட்டு, எல்லாத்தையும் குடோனுக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

"எல்லாத்தையும்னா, மேடம்?"

"புத்தகம், நாற்காலி, நீங்க."

குடோன் என்பது ஊருக்கு வெளியே, எலிகள் மட்டும் உறுப்பினர்களாக இருக்கும் ஓர் இடம். வேறொருவராக இருந்தால் கலங்கியிருப்பார். நம் நூலகர் கலங்குகிற ஜாதி இல்லை. கடுமையான ஜலதோஷம், மூக்கு இரண்டும் மூடிக்கிடக்கின்றன, வாய்வழியாகத்தான் மூச்சு. அப்படியே பஸ் ஏறி மாதிரி நூலகத்தைப் பார்க்கப் போனார். போகிற பஸ் நடுவழியில் பஞ்சரானது. ஆகவே அங்கே அவருக்குக் கிடைத்தது, திரும்பும் பஸ் கிளம்பும்வரை உள்ள கொஞ்ச நேரம்தான். கூர்மையான கண்ணுக்கு அது போதாதா?

என்ன ஒரு காட்சி! அலமாரிகள் சுவரை விட்டு விலகி, ஹாலின் நடுவே கூட்டமாக நின்றன. அவற்றின்மேல் தலையோடு கால் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. உள்ளே என்ன புத்தகம் என்று யாருக்கும் தெரியாது. நாற்காலி மேஜை எல்லாம் வெளியே, மரத்தடியில். வழக்கமான நூலகத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டிருந்தார்கள்.

நூலகர் சொக்கிப்போய் நின்றபோது, அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து, அவற்றுக்கும் மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. தொப்பி போட்ட தலை. அவ்வளவு உயரமான மனிதரை நூலகர் பார்த்ததே இல்லை. இவர்தான் இங்கே நூலகர் என்று உடனே தெரிந்துகொண்டார்.

"பிரமாதமா மாத்திட்டீங்க சார்," என்றார் அண்ணாந்து.

"இது என்ன பிரமாதம்?" என்றது தலை. "ரெண்டாவது கோட்டு போட்டதும் வந்து பாருங்க. இடமே வேற மாதிரி ஆயிடும்."

அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. ஓடிப்போய் ஏறினார். ஊர் வந்து சேரும்வரை அந்தக் கடைசி வாக்கியம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ரெண்டாவது கோட்டு. அந்த மனிதர் அப்போது ஒரு கோட்டுகூடப் போட்டிருக்கவில்லை என்பது உண்மைதான். புழுக்கத்துக்குக் கழற்றி வைத்திருப்பார்.

இப்படித்தான் அலமாரிகள் நடு ஹாலுக்கு வந்தன.

"சரி சார்," என்றார் உதவியாளர் அம்மா, தபால்காரரை மீட்ட களைப்பில். "உள்பக்கம் மாட்டிக்கிட்ட புத்தகத்தை யாராவது கேட்டா எப்படி எடுக்கிறது?"

"அதுக்குத்தான் துணி."

"துணியா?"

"அங்கெல்லாம் துணி போர்த்தியிருக்காங்கம்மா. நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க. வாசகர் துணிக்குள்ள கையை விடணும். கைக்கு எது வருதோ, அதுதான் அவருக்கு விதிச்ச புத்தகம். எந்த அலமாரி எங்க இருந்தா என்ன?"

"கைக்குத் தேள் வந்தா?"

"அங்கெல்லாம் வரல."

வீட்டிலிருந்த வெள்ளைப் போர்வைகள் எல்லாம் அன்று மாலையே நூலகத்துக்கு வந்துவிட்டன. எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவது என்று மனைவி கேட்டார். நூலகம் நிமிர்ந்ததும் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார் இவர்.

மறுநாள் விதி வேலை செய்யத் தொடங்கியது. பரீட்சைக்குக் கணக்குப் புத்தகம் தேடி வந்த கல்லூரிப் பெண்ணுக்கு மாடு வளர்ப்பு வந்தது. அடுத்த வாரம் கல்யாணம் ஆகவேண்டிய தையல்காரருக்கு விவாகரத்துச் சட்டம் வந்தது. தபால்காரர் தன் செருப்பைத் தேடித்தான் கையை விட்டார். அவருக்குக் கர்ப்பகாலப் பராமரிப்பு வந்தது.

"இதை நான் என்ன பண்றது தம்பி?"

"படிங்க ஐயா. படிப்புக்கு வயசு இல்ல."

"வயசு மட்டுமா இல்ல?"

கோபத்தோடு உட்காரப் போனவர்களால் உட்கார முடியவில்லை. நாற்காலிகள் எல்லாம் அன்று காலையே மரத்தடிக்குப் போயிருந்தன. மரத்தடிக்கு நேர் எதிரே டீக்கடை. கடைக்காரரிடம் இருந்தது ஒற்றைப் பெஞ்சு. தன் வாடிக்கையாளர்களுக்கு அரசாங்கமே நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"சார், நம்ம நாற்காலியில பூரா டீ குடிக்கிறாங்க," என்று உதவியாளர் அம்மா வந்து சொன்னார். "படிக்க வந்தவங்க நிக்கிறாங்க."

நூலகர் ஒரு கணம்தான் யோசித்தார். நேராக மரத்தடிக்குப் போனார்.

"அண்ணே, உங்க ஆளுங்க தாராளமா உட்காரட்டும். ஆனா ஒரு சட்டம். நூலக நாற்காலியில உட்கார்ந்தா ஒரு கையில புத்தகம் இருக்கணும்."

"இன்னொரு கையில?" என்றார் டீக்கடைக்காரர்.

"அது உங்க வியாபாரம்."

இதனால் டீ குடிக்க வந்த லாரி ஓட்டுநர்களும், மூட்டை தூக்குகிறவர்களும் வரிசையாக உள்ளே போய், துணிக்குள் கையை விட்டு, அகப்பட்டதோடு வெளியே வந்தார்கள். குழந்தை வளர்ப்பு கிடைத்த ஓட்டுநர் மாடு வளர்ப்புக்காரியைப் பார்த்து, "பாப்பா, மாத்திக்கலாமா?" என்றார். மாடு கைமாறியது. கணக்குப் புத்தகம் ஒரு மூட்டைக்காரரிடம் இருப்பதாகச் செய்தி பரவியது. அவர் அதைத் தர மறுத்தார். விவாகரத்துச் சட்டம் யாருக்கு வேண்டும் என்று தையல்காரர் கூவியதற்கு, ஒரே நேரத்தில் நாலு பேர் கையைத் தூக்கியதும், அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டதும் தனிக் கதை. தெருவே திரண்டுவிட்டது. சத்தம் பஸ் நிறுத்தம்வரை கேட்டது.

"நூலகம் மாதிரியா இருக்கு இது?" என்று உதவியாளர் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமையும் இப்படி இருந்தா, அந்தம்மா வண்டியை விட்டு இறங்காமலே பூட்டச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. நானும் உங்களோட குடோனுக்கு வரணும். எனக்கு எலின்னா ஆகாது சார்."

"அரைகுறையா நிக்கிறதாலதான்மா இப்படி. ரெண்டாவது கோட்டு இன்னும் போடலையே."

அன்று வீட்டில் பீரோவைக் குடைந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு கிடைத்தது. பட்டனுக்கும் ஓட்டைக்கும் நடுவே பல வருஷத்துச் சாப்பாடு நின்றது.

"இது ஒண்ணு. இன்னொண்ணு வேணும்," என்றார்.

"ஒரு கோட்டுக்கே பட்டன் சேரல," என்றார் மனைவி. "ரெண்டு எதுக்கு?"

"உன் தம்பிகிட்ட ஒண்ணு இருக்கே."

"அவன் கோட்டுக்குள்ள உங்களை மாதிரி ரெண்டு பேர் போகலாம்."

"அதான் வேணும். இதுக்கு மேல அதைப் போடணும்."

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அதுதான் அவருக்குக் கவலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. நூலகர் கோட்டின்மேல் கோட்டாக, ஊறுகாய் ஜாடிபோல வாசலில் நின்றார். வியர்வை உள்கோட்டை நனைத்து, வெளிக்கோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நம்பிக்கை மட்டும் நனையவில்லை.

ஜீப் வந்து நின்றது. மேலதிகாரி அம்மா இறங்கினார். மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்தார். கைகலப்பு என்று நினைத்தார். கைகலப்பேதான். கல்லூரிப் பெண்ணும் மூட்டைக்காரரும் கணக்குப் புத்தகத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள்.

"பரீட்சை எனக்கு அண்ணா."

"பதினொண்ணாவது பாடம் மட்டும் முடிச்சிட்டுத் தர்றேன்மா. பாதியில விட்டா ராத்திரி தூக்கம் வராது."

மேலதிகாரி அம்மா உள்ளே போனார். போர்வை மூடிய அலமாரிக் கூட்டத்தைச் சுற்றி வந்தார். உதவியாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இது என்ன?"

"கையை விடுங்க மேடம். உங்களுக்கு விதிச்சது வரும்," என்றார் நூலகர்.

மேலதிகாரி அம்மா கையை விட்டார். துழாவினார். வெளியே எடுத்தார். அது ஒரு செருப்பு.

நூலகம் முழுக்க ஒரு சத்தம் இல்லை. பல நாட்களுக்குப் பிறகு அங்கே நிலவிய முதல் அமைதி அது.

"இது எந்தப் பிரிவு?" என்று கேட்டார் மேலதிகாரி அம்மா.

"பயண இலக்கியம், மேடம்," என்றார் நூலகர்.

மேலதிகாரி அம்மாவின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தபால்காரர் பாய்ந்து வந்து செருப்பை வாங்கி, பிரிந்த பிள்ளையைப்போலத் தடவிக் காலில் போட்டுக்கொண்டார்.

"நூலகர் சார், என் சர்வீஸ்ல எத்தனையோ நூலகம் பார்த்துட்டேன். ஒரு புத்தகத்துக்கு ரெண்டு பேர் சண்டை போட்டு இன்னிக்குத்தான் பார்க்கிறேன். இதைப் பூட்டினா தெருவே என்னைச் சும்மா விடாது. குடோன் பேச்சை மறந்துடுங்க."

உதவியாளர் அம்மா கண்ணைத் திறந்தார்.

"எல்லாம் பக்கத்து ஊர் நூலகத்தோட யோசனைதான் மேடம்," என்றார் நூலகர் அடக்கமாக. "அங்கெல்லாம் இப்படித்தான்."

"அங்கயா?" மேலதிகாரி அம்மாவின் புருவம் உயர்ந்தது. "மாசாமாசம் போறேனே. அங்க அலமாரி சுவரோரம்தான் இருக்கு, நாற்காலி உள்ளதான் இருக்கு. துணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நீங்க போன நேரம் அப்படி மேடம். நான் போன அன்னிக்குப் பார்த்திருக்கணும்."

"அப்படியா? அங்க வேலை பார்த்தவர் ஒருத்தரை நான் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன். பூட்டலைன்னா உங்க கட்டடத்துக்கும் அவர் தேவைப்படுவார்னு. அவரையே கேட்டுடலாம்." ஜீப்பின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஒருவர் குதித்தார். தொப்பியைப் பார்த்ததுமே நூலகருக்கு மெய்சிலிர்த்தது. அதே முகம். ஆனால் அன்று அலமாரிக்கு மேலே தெரிந்த முகம், இன்று இவருடைய தோளுக்குக் கீழே இருந்தது.

ஆச்சரியத்தை விழுங்கிக்கொண்டு, நூலகர் இரண்டு கோட்டுகளையும் சரிசெய்துகொண்டு கைகூப்பினார்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா? நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சு, ரெண்டாவது கோட்டும் போட்டுட்டேன். இடமே வேற மாதிரி ஆயிடுச்சு. ஆனா அன்னிக்கு நீங்க இன்னும் உயரமா இருந்தீங்களே?"

வந்தவர் கோட்டுகளைப் பார்த்தார். போர்வைகளைப் பார்த்தார். மரத்தடி நாற்காலிகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அன்னிக்கு ஏணி மேல நின்னேன் சார். அப்புறம், நான் ரெண்டாவது கோட்டுன்னு சொன்னது பெயிண்டை."