இருநூற்று நாற்பது வோல்ட்டில் பெண் பார்த்த கதை

பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேர்ப்பவனுக்கு ஃபிஜியைப் போல வசதியான நாடு கிடையாது. இங்கே ஆட்சி கவிழும்போதெல்லாம் அவற்றின் விலையும் கவிழும். யாராவது துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்தால் போதும், நம் ஜனங்கள் ஆக்லாந்துக்கும் பிரிஸ்பேனுக்கும் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். வாசலில் கட்டில், பிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாம் விற்பனைக்கு வரும். நடுவில் பிள்ளைகளின் கேம் பெட்டியும் இருக்கும். பக்கத்தில் நின்று அழுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பேரம் பேசத் தெரிய வேண்டும். எனக்கு நன்றாகவே தெரியும். நாடி நகரத்து மார்டின்டாரில் என் ரிப்பேர் கடைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் இருப்பதெல்லாம் இப்படி ஊரை விட்டுப் போனவர்களின் சொத்துதான்.

நான் மலிவுப் பெட்டிக் கட்சி. ஹாங்காங் நகல்தான் என் கண்ணுக்கு அழகு. அட்டையில் ஆயிரம் விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஏழு. மீதி எல்லாம் அதே ஏழுதான், சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் காய்த்துப் போகும். ஒரு வருஷம் உழைத்தால் அதிசயம். ஆனால் நம்மூர் கரண்டைத் தாங்கும். அசல் பெட்டிகள் உசத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அவை பிறந்த நாட்டு மின்சாரத்தைத் தவிர வேறு எதையும் குடிக்காது. இந்த ஞானம் எனக்கு எப்படி வந்தது என்பதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. (என்னை மட்டும் கோயில் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போன அம்மாவுக்கு நன்றி.)

இரண்டாயிரமாம் ஆண்டு ஆட்சிக்கவிழ்ப்புச் சமயம். ரக்கிரக்கியில் எங்கள் கரும்புக் காட்டின் குத்தகை முடிகிற நேரமும் அதுவே. நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீடும் அந்த நிலத்தில்தான் நின்றது. அப்பாவுக்குக் கரும்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இருபத்தாறு வயதான எனக்குக் கேம் பெட்டியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எங்களைக் கரையேற்ற வழி கண்டுபிடித்தவள் அப்பாவின் தங்கை செல்லம்மா அத்தை. அவள் இருந்த பா ஊரில், வரதோலிப் பக்கம், குப்புசாமி என்ற இரும்புக் கடைக்காரர் குடும்பத்துக்கு நியூசிலாந்து விசா வந்திருந்தது. கிளம்புவதற்குள் மகள் ரோஷ்னிக்கு இங்கேயே மாப்பிள்ளை பார்த்து முடித்து, பிறகு அவனை அங்கே வரவழைத்துக்கொள்வதாக உத்தேசம். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தால் அவனைப் பெற்றவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

"ஒரு தாலி, மூணு பேருக்கு டிக்கெட்டு" என்றாள் அத்தை. அம்மாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் ரக்கிரக்கியிலிருந்து பா போகும் வழியெல்லாம் அம்மாவுக்கு ஒரே கவலை. "அங்க போய் கேம் பேச்சு எடுத்தே, நான் மனுசியா இருக்க மாட்டேன்." வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி, துப்பாக்கி முனையால் எங்கள் பலகாரப் பையைக் கிளறிப் பார்த்தார்கள். அம்மா அப்போதும் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

குப்புசாமி மாமா நல்ல ஆகிருதி. வெள்ளைச் சட்டை, மோதிரம், கடைக்குள் பேசிப் பழகிய குரல். வீட்டில் பாதிச் சாமான் விற்றாகிவிட்டது. சாப்பாட்டு மேசை மேல்கூட 'விற்றது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பாயில் உட்கார்ந்து அப்பாவும் அவரும் கிரோக் குடித்தார்கள். (தமிழ்நாட்டில் காப்பி எப்படியோ, இங்கே அந்த வேர்த்தண்ணீர் அப்படி.) ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் ஒரு வீட்டிலும் ரேடியோவை அணைக்கமாட்டார்கள்.

"எல்லாரும் பயந்துக்கினு ஓடுறாங்க, பையா" என்றார் மாமா அப்பாவிடம். (பையா என்றால் இந்தியில் அண்ணன்.) "நான் அப்பிடி இல்ல. எம் புள்ளைங்க படிப்புக்குத்தான் போறேன். எவன் வந்தாலும் நெஞ்ச நிமித்தி நிப்பேன். எங்கப்பன் கட்டுன ஊடு இது."

அப்பா தலையை ஆட்டினார். அந்த மாதம் ஊரை விட்டுக் கிளம்பிய அத்தனை பேரும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள்.

ரோஷ்னி வந்தாள், வணக்கம் சொன்னாள். "புள்ளைங்க கொஞ்ச நேரம் பேசட்டும்" என்று அத்தை எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினாள். அங்கேதான் என் தலையெழுத்து அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவில் விற்ற அசல் பெட்டி. சாம்பல் நிறம், ஒரு கீறல் கிடையாது. பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டது இந்தியில். எங்கள் வயதுக்காரர்கள் எல்லாம் அப்படித்தான்.

"அது என்னுது" என்றாள். "அமெரிக்காவிலேர்ந்து பெரிய மாமா எடுத்து வந்தாரு. ஒரு நாள்கூட ஆடினது கிடையாது. பிளக் நுழையல. அப்பா ஷோகேஸ்ல வெச்சுட்டாரு. இப்போ விக்கப்போறாராம்."

"ஒரு நாள்கூடவா?"

"சின்ன வயசுல தினம் கண்ணாடி வழியா பார்த்துட்டுப் படுப்பேன்."

இதைக் கேட்டுச் சும்மா இருக்க நான் என்ன கல்லா? அதோடு, கடையில் கூடக் கிடைக்காத ஒரு வீரம் அப்போது எனக்குள் புகுந்துவிட்டது. "குறடு இருக்கா?" என்றேன். இரும்புக் கடைக்காரர் வீட்டில் குறடுக்கா பஞ்சம்? உடனே கொண்டுவந்து கொடுத்தாள்.

அமெரிக்க பிளக்கின் இரண்டு தகடுகளும் நேராக நிற்கும். எங்கள் ஊர்ச் சுவரில் ஓட்டை சாய்வாக இருக்கும். குறடால் திருகினால் எந்தத் தகடும் சாய்ந்து கொடுக்கும்.

"இதுக்கு வேற ஏதோ ஒரு பெட்டி வாங்கணும்னு எலெக்ட்ரிக் கடைக்காரர் சொன்னாரே" என்றாள்.

"அதெல்லாம் வியாபாரத்துக்குச் சொல்றது" என்றேன். (அந்தக் கடைக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.) "ஒண்ணே ஒண்ணுதான், அமெரிக்கப் பெட்டி நம்ம டிவியில கறுப்பு வெள்ளையாத் தெரியும். அதுக்கு வருத்தப்படாதே."

பாருங்கள், நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டவன் கரண்டைப் பற்றி நினைக்கவே இல்லை. அமெரிக்காவில் நூற்றுச் சொச்சம், ஃபிஜியில் இருநூற்று நாற்பது. இது தெரியாமலா இருந்தேன்? தெரியும். ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்தால் தெரிந்ததெல்லாம் பறந்துவிடும்.

பெட்டியை அங்கிருந்த டிவியோடு இணைத்துச் சுவரில் சொருகினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரோஷ்னி கை தட்டினாள். டிவியில் சாம்பலாக ஏதோ அசைந்தது. பிளக்கோடு சேர்ந்திருந்த கரண்ட் கட்டையிலிருந்து வண்டு உறுமுவது போல ஒரு சத்தம், பிறகு நெடி, பிறகு டமார். கட்டை வெடித்துச் சிதறியது. வீட்டு ஃபியூஸ் போனது. ஃபேன் நின்றது. ரேடியோவும் நின்றது.

இந்த நாட்டில் வாழாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் வெடிச் சத்தத்தைவிட எங்களைப் பயமுறுத்தியது ரேடியோ நின்றுபோவதுதான். ரேடியோ நின்றால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டும் ஒன்றாக நடந்தால் என்ன அர்த்தம் என்று யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

புகை மண்டிய அறையிலிருந்து கையில் குறடோடு கூடத்துக்கு வந்தேன். அத்தை சுவரை ஒட்டி உருண்டு கிடந்தாள். அம்மா தலையை முந்தானையால் மூடிக் குப்புறக் கிடந்தாள். அப்பா கவிழ்ந்த கிரோக் தண்ணீருக்குள் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். விற்றாகிவிட்ட மேசைக்கு அடியில், முழங்காலை மடக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குப்புசாமி மாமா. "கெரேகெரே, கெரேகெரே" என்று தரையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். தயவுசெய்து என்பதற்கு ஃபிஜிக்காரர்கள் சொல்லும் வார்த்தை அது. "கார் சாவி மேல இருக்கு. எடுத்துக்கோங்க. பொண்ணு இருக்கா, ஒண்ணும் பண்ணாதீங்க. கெரேகெரே."

அவர் மனைவி மட்டும் சமையலறை வாசலில் பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "குக்கரா வெடிச்சிது?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் மனிதனாகப் பிறந்தவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். நான் சொன்னேன்: "ஒண்ணும் இல்ல மாமா, வீடியோ கேம்தான்."

எனக்குப் பின்னால் ரோஷ்னி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, பயம் விட்டுப்போனதும் தானாக வருகிற சிரிப்பு. ஆனால் மேசைக்கடியில் இருக்கிற அவள் அப்பாவுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

மாமா மெதுவாக வெளியே வந்தார். சட்டையைத் தட்டினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேம் பெட்டியைத் தூக்கி வந்து என் கையில் வைத்தார். "இத நீயே எடுத்துக்கினு போ தம்பி" என்றார், மிக மரியாதையாக. அந்தச் சம்பந்தம் அந்த மரியாதையோடு முடிந்தது.

அவருடைய கடையை முந்தின மாதம் ஆட்கள் புகுந்து சூறையாடினார்கள், அவரை மண்டிபோட வைத்தார்கள் என்று அத்தைக்கே பிறகுதான் தெரியவந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது நெஞ்சு வலித்தது. ஆனாலும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. ஒரு பொட்டுச் சத்தத்துக்காகவா எங்களைத் தள்ளினார்? பயந்ததை நாங்கள் பார்த்துவிட்டோம், அவ்வளவுதானே. நாங்கள் மட்டும் நின்றுகொண்டா இருந்தோம்?

குத்தகை முடிந்தது. அப்பா வீட்டுத் தகரத்தைத் தானே பிரித்து லாரியில் ஏற்றினார். நாடிக்கு வந்து ஒரு ஹோட்டலில் காவல் வேலை பார்த்தார். அம்மா விமானத்தைக் கீழே இருந்து பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள். ரோஷ்னி அங்கே யாரையோ கட்டிக்கொண்டாள், நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. அந்தப் பெட்டியை நான் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன், உயிர் வரவில்லை. எங்கள் வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும், ஆட்சி மறுபடி கவிழ்ந்தபோதும்கூட, "ஒண்ணும் இல்ல, வீடியோ கேம்தான்" என்பது வழக்கமாகிவிட்டது.

போன வருஷம் ஆக்லாந்தில் ஒரு கல்யாணம். அத்தை மகள் போயிருந்தாள். அங்கே குப்புசாமி மாமா இந்தக் கதையைப் பந்திக்குப் பந்தி சொல்லிச் சிரிக்க வைக்கிறாராம். குண்டு வெடித்தது போலச் சத்தம் கேட்டதாம், எல்லோரும் விழுந்துவிட்டார்களாம், அவர் மட்டும் நடுக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றாராம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பாதான் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு கெரேகெரே என்று கத்தினாராம்.

அதை அவள் போனில் சொன்னபோது நான் கொதித்துப்போனேன். அப்பாவிடம் சொன்னேன். எண்பதை எட்டப் போகிற மனிதர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நானா? மேசைக்கு அடியிலயா?" என்று கத்தினார். "எனக்கு எங்கடா அங்க எடம் இருந்திச்சி? நானும் போலாம்னுதான் பாத்தேன். அவன் ஒருத்தனே பூரா அடைச்சிக்கினு கெடந்தான்!"