அப்பாவின் டர்போ காருக்கு நான் வைத்த மூக்கு

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். அநியாயம் நடந்தது எனக்கு. அப்பாவின் காருக்கு இல்லை, அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்கு இல்லை, அத்தையின் பட்டுப்புடவைக்கும் இல்லை. எனக்கு!

ராஜபாளையத்தில் இன்று யாரைக் கேட்டாலும், "அந்த எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ள கார நாசமாக்கிட்டால்லா" என்றுதான் சொல்கிறார்கள். என் தரப்பு என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சும்மா இருந்துவிடுவேனா? பட்டிமன்றத்தில் நடுவரையே எதிர்த்துப் பேசி மேடையை விட்டு இறக்கிவிடப்பட்டவள் நான். எழுதுகிறேன்.

வேலை ரொம்பச் சின்னது. காருக்கு ஒரு ஏர் ஃபில்டர் மாட்டணும். அவ்வளவுதான்.

கார்தான் சின்ன விஷயம் இல்லை. துபாயிலிருந்து ஒருத்தர் ஆசை ஆசையாகக் கப்பலில் கொண்டுவந்து, ஒரு நட்டு கழன்றால்கூட மெட்ராசுக்கு அலைய வேண்டியிருக்கே என்று மனசு வெறுத்து, அப்பா தலையில் கட்டிவிட்டுப் போன டீசல் கார். பின்பக்கம் 'டர்போ' என்று சாய்வாக எழுதியிருக்கும். அந்த எழுத்துக்காகவே அப்பா வாங்கினார். காலையில் எழுந்ததும் தோளில் கிடக்கிற துண்டால் அந்த எழுத்தை மட்டும் தனியாகத் துடைப்பார்.

டர்போ என்றால் ஒன்றும் மாயமில்லை. ஒரு குட்டிக் காற்றாடி. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை அதைச் சுற்றிவிடும். அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் வேகம் கூடும். ஆனால் உள்ளே போகிற காற்றில் தூசி இருக்கக் கூடாது. அதற்குத்தான் ஃபில்டர்.

அந்தக் காகித ஃபில்டரை எலி தின்றுவிட்டது.

எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று மெட்ராஸ் கடைக்குப் பேசினோம். "சரக்கு வர ஒரு மாசம் ஆகும் சார்" என்றார்கள். அண்ணனுக்கு நிச்சயம் வருகிற வெள்ளிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில். சம்பந்தி வீட்டு வாசலில் அந்த 'டர்போ' போய் நிற்காவிட்டால் அப்பாவுக்கு நிச்சயம் நடந்த மாதிரியே இருக்காது.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

மதுரையில் ஹாஸ்டலில் இருந்துகொண்டே கார் பழகி லைசென்சும் வாங்கியவள் நான். முதல் தடவையிலேயே! அண்ணன் ரெண்டு தடவை டெஸ்டுக்குப் போய் ரெண்டு தடவையும் தோற்றவன். ஆனால் சாவி யாரிடம்? அவனிடம்.

"அவன் ஆம்பளப்புள்ள, நாளாவட்டத்துல வந்துரும்" என்பார் அப்பா.

"எனக்குத்தான் ஏற்கெனவே வந்துருச்சேப்பா!"

"அதான் வந்துருச்சுல்லா. பொறவு எதுக்கு ஓட்டணுங்குத?"

இந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்ல பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் பேரம் பேசினேன்.

"ஃபில்டர நான் செஞ்சு மாட்டுதேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாந்தான் ஓட்டுவேன். சம்மதமா?"

அப்பா என்னைப் பார்த்தார், எலி தின்ற ஃபில்டரைப் பார்த்தார். "செய்யி. வண்டி ஒழுங்காப் போய்ச் சேந்துட்டா, அதுக்குப் பொறவு சாவி ஒனக்கும் பொது."

சாட்சி: அத்தை. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு சுப்ரீம் கோர்ட்.

எனக்கு எங்கிருந்து இந்தத் தைரியம் என்று கேட்பீர்கள். நூலகத்தில் ஒரு வெளிநாட்டுக் கார் பத்திரிகை படித்திருந்தேன். டர்போ காருக்குக் காகித ஃபில்டரைவிட மெல்லிய பருத்தி வலைத்துணி உசத்தியாம். நாலைந்து மடிப்பு, ரெண்டு பக்கமும் கம்பிவலை, மேலே லேசாக எண்ணெய். காற்று தடையில்லாமல் போகுமாம், தூசி நின்றுவிடுமாம்.

பருத்தி வலைத்துணி! எங்கள் பிழைப்பே அதுதானே! அப்பாவுக்குச் சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணித் தறிக்கூடம். எந்த ஊரில் எவன் மண்டை உடைந்தாலும் எங்கள் துணியைத்தான் சுற்றுகிறார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஃபில்டருக்கு மெட்ராசைப் பார்த்து ஏங்குவதா?

பத்திரிகை இன்னொன்றும் சொன்னது. எஞ்சின் சூட்டுக்குள்ளேயே காற்றை இழுக்கக் கூடாது. முன்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரணும். பழைய இரும்புக் கடையில், பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு உறிஞ்சுகிற ரப்பர் குழாய் ஒன்று கிடைத்தது. ஒரு முனையை ஃபில்டர் பெட்டியில் செருகினேன். மறுமுனையைக் கிரில் வழியாக வெளியே கொண்டுவந்து, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் வானத்தைப் பார்க்க நிறுத்தினேன்.

அத்தை வாசலுக்கு வந்து பார்த்தாள். "என்னட்டி இது, காருக்கு மூக்கு வெச்சிருக்க?"

"குளுந்த காத்து வேணும் அத்தே. காரு எம்புட்டுக்கு எம்புட்டுக் குளுந்து இருக்கோ, அம்புட்டுக்கு அம்புட்டு வேகம்."

"அப்பிடியா!" என்றாள் அத்தை. இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது. பின்னால் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் துணி வேணும். அண்ணன் தறிக்கூடத்திலிருந்து வந்து, நிச்சயத்துச் சட்டையை மூன்றாவது முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பாண்டேஜ் துணி ஒரு ரோல் கேட்டேனே?"

"அந்தா பையில கெடக்கு. எடுத்துக்கோ."

பிரித்தேன். வலைத்துணிதான். ஆனால் விறைப்பாக இருந்தது. கை வைத்த இடமெல்லாம் வெள்ளையாக ஒட்டியது.

"என்னண்ணே, மாவா உதிருது?"

"கஞ்சி போட்ட துணில்லா. கஞ்சி உதிருதுட்டி. இது தெரியாம தறிக்காரன் வீட்டுல பொறந்திருக்க!"

கஞ்சி போட்ட நூலில்தான் எங்கள் வீட்டில் வளர்ந்தோம். கஞ்சி உதிரும். உண்மைதான். நான் வேறு தறிக்காரன் வீட்டுப் பிள்ளை என்கிற ரோஷத்தில், அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான். பலன் பார்த்தீர்களா?

துணியை நாலு மடிப்பாக மடித்து, ரெண்டு கம்பிவலைக்கு நடுவில் வைத்து, ஓரமெல்லாம் கம்பியால் தைத்துப் பெட்டிக்குள் இறக்கினேன். எண்ணெய் மட்டும் தடவவில்லை. விளக்கெண்ணெயா, மெஷின் எண்ணெயா என்று பத்திரிகையில் இல்லை. ரெண்டு பக்கமும் எனக்கே நியாயம் தோன்றியது. வாதம் முடியாததால் எண்ணெயை ஒத்திவைத்தேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். உறுமியது! அப்பா துண்டை எடுத்து 'டர்போ'வை ஒரு தடவை கூடுதலாகத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் தட்டு மாற்றியாகணும். அண்ணன் முன்சீட்டில் மாப்பிள்ளைக் கோலத்தில். பின்னால் அப்பா, மடியில் பழத்தட்டு. நான் ஸ்டியரிங் முன்னால், ராணி மாதிரி.

அத்தை மட்டும் இன்னும் வண்டியில் ஏறவில்லை. செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு முன்னால் வந்து நின்றாள். நாலு டயருக்கும் தெளித்தாள். பானட்டுக்குத் தெளித்தாள். சந்தனப் பொட்டு வைத்தாள். பிறகு அந்த மூக்கையே பார்த்தாள்.

"புதுசா ஒரு உறுப்பு வெச்சா அதுக்குத் தனியாச் செய்யணும்" என்றாள். செம்பைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீர் முழுவதையும் குழாய்க்குள் ஊற்றினாள்.

"அத்தே! அதுக்குள்ள ஊத்தாதிய!"

"நீதானட்டி காரு குளுந்து இருக்கணும்ன?"

நான் கதவைத் திறந்தேன். "இறங்காத, நேரமாச்சு" என்று அப்பா கத்தினார். "அப்பா, தண்ணி போயிருக்கு, பெட்டியத் தொறந்து பாக்கணும்." "நல்ல காரியத்துக்குப் போறப்ப தொறக்கவுங் கூடாது, மூடவுங் கூடாது. எடு வண்டிய!"

அத்தை பின்னால் ஏறிக்கொண்டாள். எடுத்தேன். எஞ்சின் சுத்தமாக ஓடியது. தண்ணீர் கொஞ்சம்தான் போயிருக்கும்போல என்று நினைத்தேன். ஊரைத் தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, மேற்கே மலை, முன்னால் என் எதிர்காலம்.

பிறகு கார் பெருமூச்சு விட்டது.

ஆக்சிலரேட்டரை மிதித்தேன். வேகம் ஏறவில்லை. புகைதான் ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே இல்லை, கருப்பு.

"ஏட்டி, அடுப்பு பத்தவெச்ச மாதிரில்லா வருது" என்றாள் அத்தை.

"டர்போன்னா அப்பிடித்தான்" என்றார் அப்பா, கௌரவம் விடாமல்.

சைக்கிளில் வாழைத்தார் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் எங்களை முந்தினார். முந்தியவர் திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, ஜன்னல் பக்கம் வந்தார். "கியர மாத்தித்தான் பாரேம்மா." மாற்றினேன். "அதுல்ல, அடுத்தது." அதையும் மாற்றினேன். "சரி, விடு. எனக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார்.

வண்டி நின்றது.

பானட்டைத் திறந்தேன். ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய், வாயால் உறிஞ்சின ஐஸ் பாக்கெட் மாதிரி சப்பிக் கிடந்தது. அப்படியென்றால் பெட்டிக்குள் காற்றே வரவில்லை! மூடியைத் திறந்தேன்.

உள்ளே என் ஃபில்டர் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு செங்கல் இருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். அப்பா எட்டிப் பார்த்தார். அத்தை புகைக்கரி படிந்த பட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, விரலை மடக்கித் தட்டினாள். டொக், டொக்.

போன வருஷம் அத்தை வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள். தன் கையைத் தடவிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"தம்பி, இது மாவுக்கட்டுல்லா! என் கையில போட்டது இதேதான். இதே சத்தம். மஞ்சத்தான் புதுசு" என்றாள் அப்பாவிடம்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். எலும்பு முறிவுக்குக் கட்டுகிற, மாவு பூசின ரோல் ஒன்றை எங்கள் தறிக்கூடத்தில் புதிதாகப் போட ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் கல்லாக இறுகிவிடும்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு" என்றான் அண்ணன் மெதுவாக.

"கஞ்சின்னு சொன்னியே!"

"நீ மாவான்னு கேட்ட. நான் கஞ்சின்னேன். நீ ஒத்துக்கிட்ட."

நடுரோட்டில் மாப்பிள்ளையை அடிக்கக் கூடாது என்று அப்பா தடுத்தார். ஃபில்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டலாம் என்றேன். பிடுங்க வந்தால்தானே! பெட்டியோடு பெட்டியாக இறுகியிருந்தது. அண்ணன் ஜாக்கியால் தட்டினான். ஜாக்கி வளைந்தது.

அந்த நேரம் சுந்தரபாண்டியத்துக்குத் திரும்புகிற டிராக்டர் ஒன்று வந்தது. டிராக்டர்காரர் பெட்டிக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க விழுந்துச்சு காரு?"

"விழல" என்றேன்.

"பொறவு எதுக்குக் கட்டு?"

பாவம், நல்ல மனுஷர். தாம்புக்கயிறு போட்டு இழுத்தார். நான் ஸ்டியரிங்கை விடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ராஜபாளையம் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அந்தக் காரைத் திருப்பியது, பிரேக் பிடித்தது, ஆட்டுக்கு ஹாரன் அடித்தது எல்லாம் நான்தான்!

சம்பந்தி வீட்டு வாசலில் டிராக்டர் முன்னால், டர்போ பின்னால் போய் நின்றோம். ராகு காலத்துக்குச் செத்த நேரம் முன்னால் தட்டு மாற்றினார்கள். மாற்றின கையோடு கூட்டம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பெண்ணைப் பார்க்க வந்த சனம் காரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெண்ணே வந்து பார்த்தது!

சம்பந்தி எலும்பு டாக்டர் ஒருத்தரிடம் கம்பவுண்டர். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். உள்ளே போய் கட்டு வெட்டுகிற பெரிய கத்தரியும் ரம்பமும் கொண்டுவந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வலிச்சாச் சொல்லுங்க" என்று பழக்கதோஷத்தில் பானட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அரை மணியில் கட்டு ரெண்டாகப் பிளந்து வந்தது. ஃபில்டர் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணினோம். கும்மென்று உறுமியது. கூட்டம் கைதட்டியது.

இதுதான் சமயம் என்று நான் அப்பா முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, துணி குடுத்தது அண்ணன். தண்ணி ஊத்தினது அத்தை. தொறக்காதன்னு சொன்னது நீங்க. இன்னொண்ணு கேளுங்க. அந்த மாவுக்கட்டு இல்லாட்டி ஒரு செம்புத் தண்ணியும் எஞ்சினுக்குள்ள போயிருக்கும். போயிருந்தா எஞ்சின் ராடே வளைஞ்சிருக்கும். கட்டு தண்ணியக் குடிச்சிருச்சு, எஞ்சின் பொழச்சுது. ஆக, ஒங்க காரக் காப்பாத்துனது என் ஃபில்டர்! வண்டி போய்ச் சேந்தா சாவி பொதுன்னு சொன்னிய. சேந்துருச்சா இல்லியா? ஓட்டிட்டு வந்தது யாரு?"

அத்தை தலையாட்டினாள். சம்பந்தி, "பிள்ள சொல்லுதது ஞாயந்தான்" என்றார். புது அண்ணி கதவு ஓரத்தில் நின்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சிரித்தாள். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வாதத்தை நான் ஜெயித்ததில்லை.

அப்பா சாவியைக் கையில் எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"ஏன் சம்பந்தி, மாவுக்கட்டு பிரிச்ச ஒடனே வேல குடுக்கலாமா?"

"சேச்சே! ஆறு வாரமாவது அலட்டாம வெச்சிருக்கணும்."

அப்பா சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டியா தாயி? ஆறு வாரம் போகட்டும், சாவி ஒனக்குத்தான்."