சாமிக்கு ஊற்றிய முதல் தம்ளர்

தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் நான் அதிக உறுதியோடு பேசுவேன். (தெரிந்த விஷயம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.)

கல்யாணமான புதிதில், மிளகாய் விளைந்த எங்கள் திண்டுக்கல் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் சவரிமுத்து பந்தல் போட்டுத் திராட்சைக் கொடி ஏற்றினார். மூட்டை உரம், டப்பா மருந்து எதையும் உள்ளே விடமாட்டார். கொடிக்கு ஆட்டு எரு. பூச்சிக்கு அவரே ஊறவைக்கும் கரைசல். பக்கத்து ஊரான எரியோட்டில் இருந்த சொந்தக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பழத்தைப் பிழிந்து, புளிக்கவைத்துத் திராட்சை ரசமும் போட்டுவிட்டோம். அது மதுவிலக்குக் காலம். கோயில் பூசைக்கென்று அனுமதி வாங்கிப் போட்ட ரசம். வேறு யாருக்கும் ஒரு சொட்டு விற்க முடியாது. பங்குச் சாமியார் குடித்துப் பார்த்துச் சரி என்றால் பிழைத்தோம். இல்லையென்றால் பந்தலைப் பிரித்துவிட்டு மறுபடியும் மிளகாய்தான்.

சாமி வருகிற அன்று நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, பானைகளைத் துடைத்து, பெரிசு சிறிசு என்று அழகாக இடம் மாற்றி வைத்தேன். எது எந்தப் பானை என்று எனக்கா தெரியாது! போதாக்குறைக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கு முகத்தில் சும்மாதான் இருந்தது.

சாமி சைக்கிளில் சீக்கிரமே வந்துவிட்டார். வீட்டுக்காரர் கிணற்றடியில் இருந்தார். அவருக்காகக் காத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு பானையைத் திறந்தேன், சிவப்பாக இருந்தது. தம்ளர் நிறைய ஊற்றினேன்.

"தோத்திரம் சாமி! குடிங்க. சர்க்கரை ஒரு பொட்டு கிடையாது."

ஒரு வாய் குடித்தார். "என்னம்மா, இம்புட்டுக் கசக்குது?"

"நல்ல ரசம்னா கசக்கத்தான் செய்யும் சாமி." (அதுவரை நான் ரசத்தை நாக்கில் வைத்ததே இல்லை.)

"உறைக்குதும்மா!"

"அது மண்ணு வாகு சாமி. மடக்குனு குடிச்சிருங்க."

பாவம், என் மனசு நோகக் கூடாதென்று குடித்தார். கண்ணீர் தாரையாக வழிந்தது. பக்தி என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது.

அப்போதுதான் வீட்டுக்காரர் வந்தார். "ஏங்க, சாமிக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு!" என்றேன்.

அவர் பானையைப் பார்த்தார். மண்வெட்டி கீழே விழுந்தது.

"அடிப்பாவி! அது பூச்சி மருந்துடி! திராட்சைச் சக்கைத் தண்ணியில வேப்பங்கொட்டையும் பச்சமிளகாயும் அரைச்சு ஊறப்போட்டது!"

எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, பந்தல் போச்சு, மானமும் போச்சு.

சாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். "பூச்சி சாகுமா சவரிமுத்து?"

"செத்துரும் சாமி."

"மனுசன்?"

"மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது சாமி. அதுக்குத்தான் டப்பா மருந்தே வாங்குறதில்ல."

"அப்ப ரசத்தைக் கொண்டா. சீக்கிரம்!"

குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான்யா ரசம்! பூசைக்கு இனிமே உன்கிட்டதான்." (அந்தக் கரைசலுக்கு மேலே கிணற்றுத் தண்ணீரும் தேனாகத்தான் இருந்திருக்கும். ஆக, வியாபாரத்தைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.) "ஆனா ஒண்ணு. இனிமே எந்தப் பானையைத் திறந்தாலும் முதல் வாய் இந்தப் பிள்ளை குடிக்கணும். அப்புறந்தான் எனக்கு!"

சாமி வாக்கை மீற முடியுமா? வருஷா வருஷம் முதல் வாய் எனக்குத்தான். வீட்டுக்காரர் தொடுவதே இல்லை.

மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "வீட்டுல யாருக்கும் குடிப்பழக்கம்..." என்று பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி இழுத்தார்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு இல்லைங்க. அவளுக்குத்தான்."