கண்ணாடிக்காரர் வீட்டு சர்வர்

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்காரருக்கு அந்த வைராக்கியம் பிறந்துவிட்டது. வாய் நிறைய நுரையோடு கூடத்துக்கு வந்து நின்று, பிரஷ்ஷை உயர்த்தி அறிவித்தார்.

"நம்ம வீட்டுலயே ஒரு சர்வர் வைக்கப் போறேன்!"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"இத்தனை வருஷமா உங்களுக்குப் பரிமாறிட்டு இருக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"

"அந்த சர்வர் இல்லம்மா. கம்ப்யூட்டர் சர்வர். உன் இணையப் பக்கத்தை இனிமே நம்ம வீட்டுலேர்ந்தே ஓட்டுவோம்."

"முதல்ல வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க. தரையெல்லாம் பற்பசை."

மகத்தான அறிவிப்புகளுக்கு அந்த வீட்டில் இவ்வளவுதான் மரியாதை. ஆனால் இந்தமுறை விஷயம் உண்மையிலேயே பெரிது.

மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். உடைந்த கால்கள் எப்படியோ கூடிவிடுகின்றன, அவற்றுக்காக வாங்கிய ஊன்றுகோல்கள்தான் கட்டிலுக்கு அடியில் தூசி தின்கின்றன என்பது அவள் கண்டது. அதனால் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி என்று சும்மா கிடப்பதை வைத்திருப்பவர்கள் அதில் எழுதுவார்கள். தேவைப்படுபவர்கள் பார்த்து, போன் போட்டு, வாங்கிப்போவார்கள். காசு பணம் கிடையாது.

அந்தப் பக்கம் பிறந்ததற்குக் காரணமே கண்ணாடிக்காரரின் கால்தான். மூன்று வருஷத்துக்கு முன் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார். இந்தப் பலகையா அந்தப் பலகையா என்று தூரத்திலிருந்து பார்ப்பதற்காகப் பின்னோக்கியே நடந்தார். படி முடிந்தது அவருக்குத் தெரியவில்லை. கணுக்காலுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒற்றைக்காலில் தவித்துக்கொண்டிருந்தவரிடம், முன்பின் தெரியாத பஸ் டிரைவர் ஒருவர் தன் ஊன்றுகோல்களை நீட்டினார். "எனக்கு இன்னிக்கோட முடிஞ்சுது சார். நீங்க நடந்ததும் வேற யாருக்காவது குடுத்துடுங்க." அந்த இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் கண்ணாடிக்காரர் மறுபடி நடந்தார்.

இப்போது அந்தப் பக்கத்தை இலவசமாக வைத்திருந்த நிறுவனம் கடையை மூடுகிறது. மாதக் கடைசிக்குப் பிறகு பக்கம் இருக்காது. இன்னும் பன்னிரண்டு நாள். மனைவி இரண்டு நாளாக முகம் வாடிக்கிடந்ததை அவர் கவனித்திருந்தார். எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு நான் இதுகூடச் செய்யமாட்டேனா என்று நெஞ்சு விம்மித்தான் நுரையோடு ஓடிவந்தார்.

மகள் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. வயதானது, நினைவாற்றல் குறைவு, கொஞ்சம் வேலை கொடுத்தாலே சூடாகிவிடும். கிட்டத்தட்ட வீட்டுத்தலைவர் மாதிரியேதான். அதைச் சர்வராக்க லேசான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை ஏற்றினால் போதும். ஆனால் லினக்ஸ் என்பது ஒன்று இல்லை. நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை.

கண்ணாடிக்காரர் காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் பரிசோதிப்பவர். "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஊரைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி அவர் ரத்தத்திலேயே கலந்துவிட்டது. மின்விசிறி வாங்கப் பதினொரு மாதம் எடுத்துக்கொண்டார். இரண்டு கோடை வேர்வையிலேயே போனது. மகளுக்குப் பெயர் தேர்ந்தெடுப்பதற்குள் அவள் தவழவே ஆரம்பித்துவிட்டாள்.

முதல் நாள் டெபியன் என்ற லினக்ஸைப் பார்த்தார். ஒரே மணி நேரத்தில் தள்ளிவிட்டார்.

"ஏன், அதுல என்ன குறை?" என்றாள் மனைவி.

"குறையே இல்ல. எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா, எவனும் சரியாப் பார்க்கலைன்னு அர்த்தம்."

இரண்டாம் நாள் ஆல்பைன். சின்னது, கச்சிதமானது. "ரொம்ப லேசா இருக்கும்மா. இவ்வளவு லேசா இருந்தா உள்ளே ஏதாவது விட்டுப்போயிருக்குமோன்னு பயமா இருக்கு."

"லேசாத்தானே வேணும்னீங்க?"

"லேசா வேணும். ஆனா கனமான லேசா இருக்கணும்."

மூன்றாம் நாள் பப்பி.

"அப்படின்னா நாய்க்குட்டி இல்ல? வீட்டுக்குள்ள நாய் வேணாம்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

நான்காம் நாள் லுபுண்டு. ஐந்தாம் நாள் மறுபடி ஆல்பைன். ஆறாம் நாள் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றும் விழித்து எழ எத்தனை நொடி, எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று எழுதினார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. கடையில் ஒரு பெரியவருக்கு வலது கண்ணுக்கு எழுத வேண்டியதை இடது கண்ணுக்கு எழுதப்போய், நல்லவேளை, கடைசி நிமிஷத்தில் திருத்தினார்.

ஏழாம் நாள் பஸ் டிரைவர் போன் செய்தார். இந்த மூன்று வருஷத்தில் அவர் வீட்டு மனிதராகவே ஆகியிருந்தார்.

"சார், எங்க டிப்போ மெக்கானிக்கோட சம்சாரம் வழுக்கி விழுந்துட்டாங்க. அடுத்த வாரம் கட்டு பிரிக்கிறாங்க, வாக்கர் வேணும். பக்கம் அப்போ இருக்குமில்ல?"

"இருக்கும் அண்ணே. இதோ, எதைப் போடறதுன்னுதான் பார்த்துட்டு இருக்கேன்."

"எது போட்டா என்ன சார்? ஓடினா சரி."

போனை வைத்த கண்ணாடிக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. ஐந்து நாள்தான் இருக்கிறது. இரண்டு கட்டை கொடுத்த மனிதருக்கு ஒரு பக்கம்கூடத் திருப்பித் தர முடியவில்லையே என்று சோறு இறங்கவில்லை. மனைவி பார்த்தாள்.

ஞாயிறு காலை அவர் முன் இரண்டு பென்டிரைவ்களை வைத்தாள். ஒன்றில் சிவப்பு ஒட்டுநாடா, மற்றதில் நீலம்.

"பேரைப் பார்த்தா உங்க மனசு மாறிடுது. அதனால பேரை எல்லா இடத்துலேர்ந்தும் எடுத்துட்டேன். ரெண்டுலயும் நம்ம பக்கம் ஏத்தியிருக்கு. கீபோர்டை நான் தட்டறேன். நீங்க உட்கார்ந்து உங்க போன்ல பக்கத்தைப் பார்த்து, எது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் பூரித்துப்போனார். இதுவல்லவா முறையான பரிசோதனை! கையில் நிறுத்துகடிகாரத்தோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவி மடிக்கணினியில் சிவப்பைச் சொருகினாள். பக்கம் திறந்தது. எடுத்துவிட்டு நீலத்தைச் சொருகினாள். பக்கம் திறந்தது.

"எது?"

"இன்னொரு தடவை சிவப்பு."

போட்டாள்.

"இன்னொரு தடவை நீலம்."

போட்டாள். இப்படி நாலு சுற்று. கடைசியில் கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

"சிவப்பு! சந்தேகமே இல்ல. நீலத்துல ஆரம்பத்துல ஒரு இழுவை இருக்கு, கவனிச்சியா? சிவப்புல வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு வருது. எழுத்துகூட கொஞ்சம் கருப்பா இருக்கு."

"எழுத்துகூடவா?"

"அதெல்லாம் பழகின கண்ணுக்குத்தான்மா தெரியும்."

"சரிங்க. சிவப்பையே போட்டுடறேன்."

பன்னிரண்டு மணிக்குள் வேலை முடிந்தது. மடிக்கணினி செருப்பு அலமாரிக்கு மேலே ரவுட்டருக்குப் பக்கத்தில் குடியேறியது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு ரவுட்டரில் வழி திறந்து, பக்கத்தின் முகவரியை வீட்டுப் பக்கம் திருப்பியதும் மனைவிதான். கண்ணாடிக்காரர் மடிக்கணினி சூடாகாமல் விசிறிக்கொண்டிருந்தார். மெக்கானிக் மனைவிக்கு மூன்று தெரு தள்ளி ஒரு வாக்கர் கிடைத்துவிட்டதாகச் செய்தியும் வந்தது. கண்ணாடிக்காரரின் கால் தரையில் பாவவில்லை.

மாலையில் பஸ் டிரைவர் நேரிலேயே வந்துவிட்டார். கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"ஏழு நாள் ஆராய்ச்சி அண்ணே! கடைசியில சிவப்புக்கும் நீலத்துக்கும் போட்டி. நீலம் சுமார்தான்."

"அந்த நீலத்தோட பேர் என்ன சார்? நான் மறந்தும் போட்டுடக் கூடாது பாருங்க."

அப்போதுதான் பெயரே கேட்கவில்லை என்பது உறைத்தது. உள்ளே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, நீலம் என்னது?"

"டெபியன்."

"பார்த்தீங்களா அண்ணே, முதல் நாளே தள்ளினேன்! அப்போ சிவப்பு?"

"அதுவும் டெபியன்."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்பக்கம் திரும்பினார்.

"அது எப்படிம்மா? நீலத்துல இழுவை இருந்துச்சே!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "கடையில எதுலயுமே திருப்திப்படாத ஆள் வந்தா நீங்க என்ன செய்வீங்க? ஒரே கண்ணாடியையே ஒண்ணுன்னும் ரெண்டுன்னும் ரெண்டு தடவை போட்டுக் காட்டுவீங்க. அவரும் ரெண்டுதான் தெளிவுன்னு சந்தோஷமா வாங்கிட்டுப் போவாரு. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே! ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூம்ல விசாரிச்சேன். திரையில ஜன்னலும் படமும் இல்லாம வெறும் சர்வரா போட்டா, நீங்க பார்த்ததுல எதைப் போட்டாலும் இந்தப் பெட்டி தாங்கும்னாங்க. நாலு நாள் சாப்பாட்டு வேளையில கத்துக்கிட்டேன்."

பஸ் டிரைவர் மீசைக்குள் சிரித்தார். கண்ணாடிக்காரர் அசடு வழிய நின்றார். கோபம் வருமென்று அவரே ஒரு நிமிஷம் காத்துப்பார்த்தார். வரவில்லை. வந்தது என்னவோ நன்றிதான். அவரைத் தோற்கடித்தாவது அவர் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள். அதிலும், தேர்ந்தெடுத்தது நான்தான் என்ற சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டுக் காப்பாற்றியிருக்கிறாள்.

டிரைவர் போனதும் மடிக்கணினி இருந்த பக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைக்காகிதம் ஒன்றை எடுத்தார். பக்கத்தின் அடியில், உதவி பெற்றவர்கள் நாலு வரி எழுத ஒரு இடம் இருந்தது. ஊரறிய மனைவிக்கு அங்கே நன்றி சொல்வது என்று தீர்மானித்தார். 'அன்பு மனைவிக்கு நன்றி' என்று எழுதினார். கீழே 'அருமை மனைவிக்கு நன்றி' என்று எழுதினார். அன்பா, அருமையா? ஒரு மணி நேரம் போனது. சரி, மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போமே என்று பக்கத்தைத் திறந்தார்.

முதலில் இருந்ததே அவர் பேரில்தான். பகல் பன்னிரண்டு பத்துக்குப் போட்டது.

'மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் குடுத்த ரெண்டு கட்டை என்னை நடக்க வெச்சுது. அன்னிலேர்ந்து என் மனைவி எத்தனையோ பேரை நடக்க வெச்சுட்டு இருக்கா. ரெண்டு பேருக்கும் நன்றி. இப்படிக்கு, கண்ணாடிக்கடைக்காரர்.'

அதன் கீழே பதினாலு பேர் பாராட்டியிருந்தார்கள். 'இவ்வளவு சீக்கிரம் நன்றி சொல்கிற கணவரை இப்போதுதான் பார்க்கிறேன்' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்.

கண்ணாடிக்காரர் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பிடிக்கலைன்னா மாத்திடலாங்க" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"வேணாம்மா, அப்படியே இருக்கட்டும். நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு நல்லா வந்திருக்காது."

"நீங்க எழுதியிருந்தா வந்தே இருக்காது."