அழும் தகடு

சத்திரத்து வாசலில் நூற்று முப்பது ஜோடிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. மூளைகளையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள்.

கூடத்தில் ஆசான் உகாய். கையில் விரல் நீளத்துக்குக் 'கதிர்த் தகடு'.

"சாதா உலோகத்துல அணுவெல்லாம் சிப்பாய் மாதிரி வரிசையா நிக்கும். உடம்புல நோயும் அப்படித்தான். நாங்க கதிரைப் பாய்ச்சி இந்த உலோகத்துல ஒரு வரிசை மிச்சமில்லாம கலைச்சுட்டோம், கண்ணாடில இருக்கற மாதிரி! வயித்துல கட்டுங்க, நோயும் கலைஞ்சிடும். ஆஸ்பத்திரி எதுக்கு?"

மைக்கருகே தகட்டை வளைத்தார். கிரீச்!

"கேட்டீங்களா? உங்க வலியை வாங்கிக்கிட்டு அழுவுது!"

கூடமே விம்மியது. கடைசி வரிசையில் கினுயே மட்டும் அழவில்லை. தெருவோ என்ற அவள் கணவர் இதே தகட்டை நம்பி ஆஸ்பத்திரியை விட்டவர். அவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு போன வாரம்தான் முடிந்தது. தகடு மட்டும் பூரண நலத்தோடு இருக்கிறது.

"அத்தானுக்கு நம்பிக்கை பத்தலையாம்க்கா, ஆசான் சொன்னாரு," என்று கிசுகிசுத்தாள் தங்கை மிவோ. அவளுக்கும் வயிற்றில் கட்டி. "நாளைக்கு இருக்கற ஆபரேஷனை வேண்டாம்னு சொல்லிடப்போறேன்."

கினுயே எழுந்தாள். தேநீர் வைத்திருந்த வெள்ளீயத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக மைக்கிடம் போனாள். வளைத்தாள். கிரீச்!

"ஆசானே, இது யாரோட வலி? தேநீர்க் கோப்பையோடதா?"

ஓரிருவர் சிரித்துவிட்டார்கள்.

"அம்மா, நீங்க துக்கத்துல பேசறீங்க."

"ஆமாங்க. இருபது வருஷம் ஆய்வுக்கூடத்துல கதிர் பட்ட உலோகத்தைப் பார்த்தவளும் நான்தான். சில கலப்பு உலோகத்துல கதிர் பட்டா வரிசை கலையறது நிஜம். ஆனா வெள்ளீயம் கத்தறதே வளைக்கறப்போ அந்த வரிசை சட்டுனு திரும்பறதாலதான். உங்க தகட்டுல வரிசையே இல்லேன்னா, கத்தறது எது? ஒண்ணு அது கலைஞ்சிருக்கணும், இல்ல அழணும். எந்தப் பொய்யை வச்சுக்கறீங்க?"

ஆசானுக்குத் திடீரென்று மைக் பழுதாகிவிட்டது. அடுத்த ரயிலும் நினைவுக்கு வந்துவிட்டது.

மிவோ வயிற்றிலிருந்த தகட்டை அவிழ்த்தாள். "அக்கா, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

கினுயே பதில் சொல்வதற்குள் ஒருவர் பணிவாகக் குனிந்து கேட்டார்: "அம்மா, அந்த அழுற தட்டு எங்கே கிடைக்கும்?"

வளைத்தால் வெள்ளீயம்கூடக் கத்துகிறது. எவ்வளவு வளைத்தாலும் சத்தமே போடாத உலோகம் மனிதன் ஒருவன்தான்.