பாயச வார்ப்பில் ஒரு நீச்சல் குளம்

ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலர் தலைக்குச் சாயம் பூசுவார்கள். சிலர் விடியற்காலையில் ஓடத் தொடங்குவார்கள், யாரும் துரத்தாமலேயே. எனக்குத் தண்ணீர்க் கிறுக்கு. வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு குளம் கட்டி, அதில் கழுத்துவரை முங்கி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எல்லாம் செல்போன் செய்த வேலை. 'பிளஞ்ச் பூல்' என்று ஒன்றைக் காட்டினார்கள். ஒரு மாட்டு வண்டி நிற்கிற அளவு இடம் போதுமாம். அதில் நீந்தவே முடியாது, இறங்கி சும்மா உட்கார வேண்டியதுதான். எனக்கென்றே கண்டுபிடித்ததுபோல் இருந்தது. (குளமும் கால்வாய்ச் சானலுமாகக் கிடக்கும் நாஞ்சில் நாட்டில் பிறந்து, நீச்சல் தெரியாமல் வளர்ந்த ஒரே ஆம்பிளை நான்தான் என்பது என் அண்ணன் மாதேவனின் கணக்கு.)

மனைவி பகவதியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"வீட்ல ரெண்டு பாத்ரூம் கெடக்கு. ஒண்ணுல பைப்பு சொட்டிக்கிட்டே இருக்கு. மொதல்ல அதைப் பாருங்க."

நான் அசரவில்லை. குளம் கட்டித் தரும் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். பையன் மரியாதையாகப் பேசினான். "சார், இடம் தோதுப்படுமான்னு முதல்ல நீங்களே பாத்துக்கிடுங்க. வெயில் எப்படி விழுது, மேல மரம் உண்டுமா, பக்கத்து வீட்டுல இருந்து பாத்தா தெரியுமா. ஒரு நாள் அந்த இடத்துல சும்மா உக்காந்து பாருங்க சார்" என்றான். வேறு யாராக இருந்தாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வாரம் அண்ணன் மகள் நீலாவுக்குக் கல்யாணம். அண்ணன் வீடு பக்கத்து வீடுதான், நடுவில் சுவர் கிடையாது. அவர் வீட்டு முன்னால் பந்தல். சமையல் என் வீட்டுப் பின்பக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் பாத்திரங்கள் வந்து இறங்கின. கடைசியாக நாலு பேர் சேர்ந்து பாயச வார்ப்பை உருட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்து வார்ப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வாய் அகன்ற வெண்கலப் பாத்திரம், ஊருக்கே பாயசம் வைக்கலாம், ஒரு ஆள் தாராளமாகச் சம்மணம் போட்டு உட்காரலாம். அதைக் கொண்டுபோய், நான் குளத்துக்கென்று கண்ணு போட்டு வைத்திருந்த அதே இடத்தில், அடியில் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

இதற்குமேல் கடவுள் எப்படித்தான் ஜாடை காட்டுவார்?

சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்திருந்தார்கள். மோட்டாரைப் போட்டேன். ஹோஸ் வைத்து வார்ப்பை நிறைத்தேன். துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன்.

என்ன சுகம் என்கிறீர்கள். கிணற்றுத் தண்ணீர் நெஞ்சுவரை குளுகுளுவென்று நின்றது. தென்னை ஓலைக்கு நடுவில் வெயில் அளவாக விழுந்தது (முதல் கேள்வி பாஸ்). பக்கத்து மாடியில் ஒரு குஞ்சும் இல்லை (அடுத்ததும் பாஸ்). மேலே மரம் உண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடுவதற்காகத் தலையைச் சாய்த்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் 'காய்கறி வெட்டு' என்று ஒன்று உண்டு. மறுநாள் விருந்துக்கான காய்களை நறுக்கச் சொந்தபந்தம் முழுக்க வரும். பெண் வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் மரியாதைக்கு ஆள் வரும். நறுக்க வேண்டிய தடியங்காய் என்கிற சாம்பல் பூசணி, சேனை, ஏத்தங்காய் எல்லாம் என் வார்ப்புக்கு நாலு எட்டுத் தள்ளித்தான் குவிந்து கிடந்தன. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் சுகத்தில் இருப்பவனுக்கு மணி தெரியாது.

கம்பெனிக்காரனின் மிச்சக் கேள்விக்குத் தென்னைமரமே விடை சொன்னது. ஒரு தேங்காய் நெற்று, என் தலைக்கு அரை முழம் தள்ளி, வார்ப்பின் விளிம்பில் விழுந்தது.

வெண்கலம் அல்லவா. கோயில் மணிபோல் 'ஙொய்ங்ங்' என்று ஊரெல்லாம் கேட்டது. முன்பந்தலில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த காய்கறி வெட்டுக் கூட்டம், என்னவோ ஏதோ என்று, அப்படியே எழுந்து பின்னால் ஓடி வந்தது. யாருக்கும் கையிலிருந்ததைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. நான் கண் விழித்தபோது, பாத்திரத்துக்குள் தண்ணீரில் நான். சுற்றிலும் கத்தியோடு என் உறவினர்கள்.

பதறி எழுந்தேன். குவிந்த அடியுள்ள பாத்திரத்தில் பதறி எழக் கூடாது. செங்கல் ஒன்று நழுவ, வார்ப்பு சரிந்து, தண்ணீரோடு நானும் வெளியே வந்தேன். வழியில் இரண்டு தடியங்காய்களும் சேர்ந்துகொள்ள, மூவருமாகப் போய் ஒரு வெள்ளை வேட்டியின் காலடியில் நின்றோம். (துவர்த்து கடைசிவரை இடுப்பிலேயே இருந்தது. இல்லையென்று கதை கட்டுகிறவர்களை நம்ப வேண்டாம்.) நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமா.

"சுகந்தானா?" என்றார். வேறு என்ன கேட்பார் பாவம்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சரிந்த வார்ப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏலே தாணு, நாளைக்கு நம்ம பிள்ளைக்குப் பாயசம் வைக்க வேண்டிய வார்ப்புலா இது?"

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். ஒரே மகள், ஒரு குறைச்சலும் வரக்கூடாதென்று மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த மனிதர். சம்பந்தி வீட்டார் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

வேறு வார்ப்புக்கு ஆள் அனுப்பினார். பெரிய முகூர்த்த நாள், எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் புளியும் சாம்பலும் என் கைக்கு வந்தன. மொத்தக் குடும்பமும் காய் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருக்க, நான் வார்ப்புக்குள் குனிந்து தேய்த்தேன். "அந்த மூலையில இன்னும் போகல்ல" என்று பகவதி மேற்பார்வை பார்த்தாள். (உருண்டைப் பாத்திரத்துக்கு மூலை ஏது என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை.) அண்ணன் என் பக்கமே திரும்பவில்லை. காலையிலிருந்து பிரிவை நினைத்து உம்மென்று இருந்த நீலா மட்டும் மருதாணிக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, "சித்தப்பா, கோயில்ல சாமியைக் குளிப்பாட்டுற ஆறாட்டு, எங்க கல்யாணத்துக்கு உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதேவிட்டாள்.

மறுநாள் பந்தி. மாப்பிள்ளையின் தாய்மாமா முதல் வரிசையில் இருந்தார். அண்ணனே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். இலையில் ஊற்றினார். தாய்மாமா பப்படத்தை நொறுக்கினார், மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்தார், வழித்து வாயில் வைத்தார். நான் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"அன்னா தூணுக்கிட்ட நிக்காரே, அவரு நேத்து முங்கின வார்ப்புதானே?" என்றார்.

அண்ணன் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கொள்ளாம், நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் விடும்."

அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாதக்கணக்கான ஓட்டமெல்லாம் அந்தச் சிரிப்பில் இறங்கியது. பிறகு தூணைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "ஏலே தாணு, குளிச்சாச்சா?"

"இல்லண்ணே. வார்ப்பு காலியில்ல" என்றேன்.

அத்தோடு குளம் போச்சு. அந்த இடத்தில் பகவதி சேனை நட்டுவிட்டாள். ஆனால் அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும், பாயசம் வந்ததும் அண்ணன் பந்தி முழுக்கக் கேட்கும்படி அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன். தொடக்கத்தில் வெட்கமாக இருந்தது. போகப்போக, அவர் கேட்காமல் பாயசம் இறங்காது என்றாகிவிட்டது.

போன வருஷம் அண்ணன் போய்விட்டார். இந்த ஆவணியில் என் மகன் கல்யாணம். சமையல் கேட்டரிங்காரர்கள்; வார்ப்பு என் வீட்டுக்கு வரவே இல்லை. பந்தியில் பாயசம் வந்தது. எல்லாருக்கும் நினைவு இருந்தது, என் முகத்தைப் பார்த்துவிட்டு இலைக்குக் குனிந்துகொண்டார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அண்ணனில்லாமல் என்ன கல்யாணம் என்று இருந்தது.

நீலா வந்தாள். விளம்புகிற ஆளிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு என் முன்னால் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் அப்பாவைப்போலவே உரக்கக் கேட்டாள்.

"சித்தப்பா, குளிச்சாச்சா?"

கண் கலங்கிவிட்டது. இலையும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை.

"இல்ல மக்கா" என்றேன். "வார்ப்பு காலியில்ல."

பந்தி சிரித்தது. அவள் கரண்டியை நிறைத்து ஊற்றினாள்.