காது திறக்கும் சங்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசைகட்டி நின்றால், மந்திரி வருகிறார் என்று நினைக்காதீர்கள். சங்குச் சித்தர் தரிசனம் தருகிறார் என்று அர்த்தம். திண்டிவனம் போகும் வழியில், விற்காமல் கிடந்த வீட்டு மனைகளுக்கு நடுவே அவருடைய தகரக் கொட்டகை. வாசலில் ஆளுயர பேனர்: "கேளாத காது கேட்கும்! பேசாத பிள்ளை பேசும்! நடக்காத கால் நடக்கும்! படிப்பு வராத பிள்ளை கலெக்டர் ஆகும்!"

ஒரு குறை காதில் இருக்கிறது, ஒன்று காலில் இருக்கிறது, இன்னொன்று மூளை எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி டாக்டர், தனிப் பயிற்சி, தனி ஆசிரியர். சித்தருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சங்கு.

கொட்டகையை ஒட்டி ஒரு வேப்பமரம். குணமானவர்கள் கழற்றிப் போட்டதெல்லாம் அதில் தொங்கின. ஊன்றுகோல், காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர், சோடாபுட்டிக் கண்ணாடி, காது மிஷின். ஓமந்தூர்ப் பையன் ஒருவன் காலிப்பர் மாட்டிக்கொண்டு தானே நடந்து வந்தான். அதை மரத்தில் கட்டிவிட்டு அப்பா தோளில் ஏறி வீட்டுக்குப் போனான். அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டது கூட்டம்.

காணை கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர் பெரியதம்பி. அவருக்கும் அஞ்சம்மாளுக்கும் ஒரே மகள் புனிதா, எட்டு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. அரசு கொடுத்த காது மிஷினை மாட்டி, சிறப்பாசிரியை அமலா வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே வந்து பழக்கினாள். ஒன்றரை வருஷத்தில் புனிதா "ம்மா" என்றாள். பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்கினாள். கைச் சைகையில் தெரு வம்பு முழுக்கப் பேசினாள்.

பெரியதம்பிக்கு அது போதவில்லை. ஒரே நாளில் காது திறக்கவேண்டும். பிள்ளையைச் சித்தரிடம் கூட்டிப்போனார்.

பலகை மேடையில் புனிதாவை முதுகு காட்டி நிறுத்தினார் சித்தர். மிஷினைக் கழற்றினார். "இந்த மிஷினுதாம்மா காதை அடைச்சிக்கினு இருக்குது" என்றார். பின்னால் நின்று சங்கை ஊதினார். புனிதா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்!

"கேட்டுடுச்சு! கேட்டுடுச்சு!" என்று கொட்டகையே கூவியது. அஞ்சம்மாள் தரையில் விழுந்து அழுதாள். மிஷின் மரத்துக்குப் போனது.

வியாழக்கிழமை, காது திறந்த புனிதா தெருவில் நடந்து போனாள். பின்னால் கரும்பு டிராக்டர். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தான். அவள் ஒதுங்கவில்லை. கடைசி நொடியில் அவன் வண்டியை வாய்க்காலில் இறக்கினான். பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

சேதி கேட்டு அமலா ஓடிவந்தாள். "மிஷின் எங்கண்ணா?"

"சாமிகிட்ட கீது டீச்சர். நாப்பத்தெட்டு நாள்ல முழுசா தெறந்துடும்னாரு."

"அது வரைக்கும் டிராக்டர் காத்துக்கினு இருக்குமா?"

பெரியதம்பி தலையைக் குனிந்துகொண்டார். "என் கண்ணால பாத்தேன் டீச்சர். ஊதுனாரு, புள்ள திரும்புச்சு. நான் பொய்யா சொல்றேன்?"

"நீங்க பாத்தது நெஜந்தாண்ணா. நானும் ஒருவாட்டி வந்து பாக்குறேன்."

ஞாயிறன்று பெற்றவர்கள், புனிதா, அமலா நால்வரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கூட்டம் சங்கைப் பார்த்தது. அமலா மட்டும் சித்தரின் வேட்டி ஓரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு முறை சங்கு முழங்கும்போதும் அவருடைய வலது குதிகால் பலகையில் ஓங்கி விழுந்தது. மூன்று பிள்ளைகள், மூன்று சங்கு, மூன்று மிதி. சங்குச் சத்தத்தில் மிதிச் சத்தம் யார் காதுக்கும் எட்டவில்லை.

அவள் எழுந்தாள். "சாமி, காணைப் புள்ளைக்கு இன்னொரு தபா ஊதுங்க. மேடைல வேணாம். கீழ, மண்ணுல நிக்கட்டும்."

மைக் பிடித்திருந்த சீடன் கோபி பதறினான். "கேள்வி கேக்குறவங்கல்லாம் ஜல்தியா வெளிய போங்க!"

ஆனால் கூட்டத்துக்கு இன்னொரு அற்புதம் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட மனசில்லை. "எறங்கி வந்து ஊது சாமி!" என்று நாலா பக்கமும் குரல். பக்தியே அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டது.

கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினார். புனிதா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். மறுபடி ஊதினார். அவள் ஒரு தும்பியை வேடிக்கை பார்த்தாள்.

"இந்த மண்ணுல தீட்டு கீது" என்றார் சித்தர், மூச்சு வாங்க.

"அப்ப மேடைக்கே போவலாம். சங்கு வேணாம், நீங்களும் வேணாம்." அமலா பிள்ளையைப் பலகைமேல் முதுகு காட்டி நிறுத்தினாள். பின்னால் போய் நின்று, வாயே திறக்காமல், குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள்.

புனிதா சட்டென்று திரும்பிச் சிரித்தாள்.

பின்வரிசையில் ஒரு லாரி டிரைவர்தான் முதலில் கத்தினார்: "அய்யய்யோ, டீச்சரம்மா குதிகாலுக்கும் சக்தி வந்துடுச்சுபா!"

அமலா பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு, கையால் கேட்டபடியே வாயாலும் சொன்னாள்: "அன்னிக்கி ஏன் திரும்பின, கண்ணு?"

புனிதா தன் உள்ளங்காலைத் தொட்டு விரல்களை நடுங்கவிட்டுக் காட்டினாள். பிறகு சித்தரின் காலைக் காட்டினாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, அவரைப் போலவே ஒரு மிதி மிதித்தாள். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள்.

சித்தர் பின்பக்கமாக நழுவினார். அந்த லாரி டிரைவரே வேட்டியைப் பிடித்து நிறுத்தினார். யாரோ போன் போட்டு வந்த போலீஸ் ஜீப்பில் ஏறும்போது பெயர் கேட்டார்கள். விருத்தாசலம் என்றார், ரொம்ப மெதுவாக. பெற்றவர்கள் வேப்பமரத்தை மொய்த்து, அவரவர் பிள்ளையின் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெரியதம்பி மரத்திலேயே ஏறிவிட்டார்.

அஞ்சம்மாள் மகளின் காதில் மிஷினை மாட்டிவிட்டு, தெரிந்த சைகையும் அழுகையுமாகக் கேட்டாள்: "ஏண்டி, இத்த எங்கிட்ட சொல்லல நீ?"

புனிதா கையை ஆட்டிப் பதில் சொன்னாள். அமலா அதைக் குரலாக்கினாள்.

"நீதான் கேக்கவே இல்லியேம்மா."

சங்கைக் கேட்டார்கள், சாமியாரைக் கேட்டார்கள். பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை. கொட்டகை நிறைய இருந்த கேளாத காதுகளில் புனிதாவுடையதும் ஒன்று, அவ்வளவுதான். அவளுக்காவது மிஷின் இருக்கிறது. மற்றவர்கள் என்ன செய்வதாக உத்தேசம், யோசியுங்கள்.